ஒரே இடத்துக்கு இரண்டு பேர்

அத்தியாயம் 14

கை கழுவும் தொட்டியின் முன்னால் நின்றபோதுதான் பைலினுக்குத் தன் மணிக்கட்டுகள் நினைவுக்கு வந்தன.

வெள்ளை நூல்கள். இரண்டு கைகளிலும். நேற்று ஊரில் நடந்த உயிர் அழைப்பில், வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்றாகக் கட்டியவை. உடம்பை விட்டு எங்கோ அலையப் போய்விட்ட உயிரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளங்கையில் வாழைப்பழமும் அவித்த முட்டையும் வைத்து, 'வா, வீட்டுக்கு வந்துவிடு' என்று பாடி, வந்த உயிர் மறுபடி ஓடிவிடாமல் இருக்க முடிச்சுப் போட்டவை.

"அந்த நூலோட உள்ள வரமுடியாது. கத்திரிக்கோல் தட்டுல இருக்கு" என்றாள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

சொல்லிவிட்டு ஒரு கணம் பைலினின் முகத்தைப் பார்த்தாள். தாய்லாந்தின் இந்த வடகிழக்கு மூலையில் பிறந்த யாருக்கும் அந்த நூலுக்கு விளக்கம் தேவையில்லை. பிரசவமா, விபத்தா, பெரிய நோயா, பெரிய பயமா? எது என்பது மட்டும்தான் கேள்வி.

பைலினுக்குச் சிரிப்பு வந்தது, அழுகைக்குப் பக்கத்தில் இருக்கும் சிரிப்பு. ஒரு வருடமாக அம்மா எதையெல்லாம் மறைத்தாள்! இறுதி ஆண்டு மருத்துவப் படிப்பின் நடுவில் மகள் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனபோது, 'தைராய்டு' என்று ஊருக்குச் சொன்னாள். அம்மா மாவட்ட ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். எந்தக் கம்ப்யூட்டரில் யார் பெயரைத் தட்டினால் என்ன தெரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் இரண்டு மாகாணம் தள்ளி ஒரு தனியார் மனநல மருத்துவரிடம், பேருந்தில், முகக்கவசம் போட்டுக் கூட்டிப்போனாள். அப்படிப்பட்டவள்தான், மகள் கல்லூரிக்குத் திரும்புவதற்கு முதல் நாள் தெருவையே கூட்டி நூல் கட்டச் சொன்னாள். அதில் ஒரு முரண் இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. டாக்டரிடம் போவதை மறைக்கலாம். உயிரைக் கூப்பிடுவதை எப்படிச் சத்தமில்லாமல் செய்வது?

பைலின் கத்திரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாதீங்கக்கா! வெட்டக்கூடாது. குடுங்க கைய."

நிச்சா. தலையில் பச்சைத் தொப்பியோடு ஓடி வந்து பைலினின் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கல்லூரியில் இருவருக்கும் ஒரே வரிசை எண். பைலின் சேர்ந்த மறுவருடம் அதே எண்ணில் வந்து சேர்ந்தவள் நிச்சா. ஒரே எண்ணில் வருகிறவர்கள் அக்கா தங்கை என்பது இங்கே உள்ள வழக்கம். அக்கா தன் குறிப்புகளைத் தருவாள், தேர்வுக்கு முன்னால் சோறு வாங்கித் தருவாள், தங்கை அழுதால் காரணம் கேட்காமல் பக்கத்தில் உட்காருவாள். போதாததற்கு இருவரும் ஒரே ஊர். பைலின் லீவில் போன வருடம் நிச்சா எட்டிப் பிடித்துவிட்டாள். இன்றிலிருந்து இருவரும் ஒரே வகுப்பு.

"ஐயோ, இத யாரு போட்டது? பல்லால கடிச்சாத்தான் வரும் போல."

"பக்கத்து வீட்டு மாமா. எருமை கட்டியே பழகின கை."

"அதானே பாத்தேன். உங்க உயிர் எங்கயும் ஓடாதுக்கா. கயிறோட தரதரன்னு இழுத்துட்டு வேணா போகும்."

பைலின் சிரித்தாள். ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் சிரித்து ஒரு வருடமாகிவிட்டது.

நிச்சா ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் நெம்பினாள். அவள் விரல்கள் நடுங்கின. ஒரு முடிச்சை மூன்று தரம் தவறவிட்டாள். நகங்களைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"கை ஏன் இப்படி நடுங்குது?"

"காப்பிக்கா. இப்பல்லாம் வண்டி அதுலதான் ஓடுது."

அவிழ்த்த நூல்களைச் சின்ன உருண்டையாக்கி, பைலினின் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினாள். "பத்திரம். உள்ள வாங்க."

உள்ளே குடலிறக்க அறுவை. மாணவர்கள் ஐந்து பேர். சர்ஜன் ஒருவனிடம் வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் கருவியைப் பிடிக்கச் சொன்னார், இன்னொருத்தியிடம் நூலை வெட்டச் சொன்னார். இது எந்த இரத்தக்குழாய் என்று ஆளாளாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பைலினிடம் வந்ததும் அவர் கண்கள் ஒரு கணம் தயங்கின. பிறகு இரக்கத்தோடு அவளைத் தாண்டி அடுத்தவனிடம் போயின.

அவளுக்கு விடை தெரியும். கேட்டுவிட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

*

டாக்டர் ஒரதாய்தான் இறுதி ஆண்டு மாணவர்களின் பொறுப்பாளர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவர் அறைக்குப் போகிறவர்கள் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள்.

"ஒழுங்கா உக்காரு. மாத்திரை எடுத்துக்கறியா?"

"எடுத்துக்கறேன் மேடம்."

"தூக்கம்?"

"வருது."

"சரி. உங்க மாவட்ட ஆஸ்பத்திரி டைரக்டர் போன் பண்ணினாரு. வர்ற வருஷம் அங்க ஒரே ஒரு டாக்டர் இடம். போன வருஷமே நீ முடிச்சிருந்தா அப்ப இருந்த இடம் நேரா உனக்கு வந்திருக்கும். அப்ப உங்க ஊர்லேருந்து வேற யாரும் இல்ல. இப்ப நீயும் நிச்சாவும் ஒண்ணா முடிக்கறீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் அதே ஆஸ்பத்திரியைக் கேட்டா குலுக்கல்தான். தோக்கறவ கட்டாய அரசு சேவைக்கு மிச்சம் கிடக்கற இடத்துக்குப் போகணும். தெற்கு எல்லை, தீவு, எதுவா வேணா இருக்கலாம்."

"தெரியும் மேடம்."

"டைரக்டர் இன்னொண்ணும் கேட்டாரு." ஒரதாய் பேனாவை மூடினார். "அந்தப் பொண்ணு நைட் டூட்டி தாங்குமான்னு."

பைலினின் விரல்கள் சட்டைப் பையிலிருந்த நூல் உருண்டையைத் தேடின.

"உன் லீவுக்குக் காரணம் உடல்நலம்னுதான் எங்க பதிவுல இருக்கு. அதுக்கு மேல யாரும் கேக்கக்கூடாதுன்னு விதி. மேற்படிப்புத் தேர்வுக் குழுல நானே உக்காந்திருக்கேன். கேக்கக்கூடாது. ஆனா கேக்கறோம். நேரா கேக்கமாட்டோம். 'நடுவுல ஒரு வருஷம் இடைவெளி இருக்கே'ன்னு சொல்லிட்டு சும்மா இருப்போம். அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க."

"நான் என்ன சொல்லணும் மேடம்?"

"எனக்குத் தெரியல. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்."

வெளியே வந்த பைலின் ஜன்னல் ஓரம் நின்றாள். சின்ன வயதில் அம்மாவின் டூட்டி முடியும்வரை அந்த மாவட்ட ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். மழை நாளில் நோயாளிகளின் செருப்புகள் வாசலில் மிதக்கும். அங்கே டாக்டராகப் போவதைத் தவிர வேறு ஆசை அவளுக்கு இருந்ததில்லை. படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த மாதங்களிலும் அந்த ஒன்று மட்டும் போகவில்லை. எழுந்து பல் தேய்க்க அதுதான் காரணமாக இருந்தது.

இப்போது அதற்குக் குறுக்கே நிற்பது, காலையில் தன் முடிச்சுகளை நகத்தால் அவிழ்த்தவள்.

*

ஊருக்குப் போகும் பேருந்து மாலையில்தான். மகளைக் கல்லூரியில் விட வந்திருந்த பைலினின் அம்மா விலாய், சீருடைத் துணி வாங்கப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடைப் பக்கம் அவள் போகவில்லை. டைரக்டர் சொல்லி அவளுக்கும் வெள்ளிக்கிழமைக் கெடு தெரியும்.

அவள் வரச்சொல்லியிருந்த நிச்சா தூரத்திலேயே கைகூப்பி, முழங்கால் மடங்கக் குனிந்து வந்தாள்.

"வாம்மா. சோறு சொல்லிட்டேன். துளசி போட்ட கோழி, மேல முட்டை. உனக்குப் பிடிக்கும்ல?"

"எதுக்குங்க பெரியம்மா இதெல்லாம்... அப்பா எப்படி இருக்காரு?"

நிச்சாவின் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் விலாயின் பிரிவில்தான் அவருக்கு டயாலிசிஸ்.

"முந்தாநாள்கூட என்னைத் திட்டினாரு. இத்தனை வருஷமா ஊசி குத்தறியே, இன்னும் வலிக்காம குத்தத் தெரியலயான்னு. வாய் குறையல. அப்ப நல்லாத்தான் இருக்காருன்னு அர்த்தம்."

"தண்ணி அளவா குடிக்கறாரா?"

"எங்க! ஐஸ்கட்டியக் கடிச்சுட்டு, இது தண்ணி கணக்குல வராதுன்னு எனக்கே பாடம் எடுக்கறாரு."

நிச்சா சிரித்தாள். விலாயும் சிரித்தாள். பிறகு பேருந்தில் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைத் தொடங்கினாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கக்கூடாது. ஆனா கேக்கப்போறேன். பைலினுக்கு தைராய்டு இல்லம்மா."

"தெரியும் பெரியம்மா."

"தெரியுமா?"

"லிப்ட்டுக்குள்ள உக்காந்துட்டு எந்திரிக்க முடியாம அக்கா அழுதப்ப, ரூமுக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான்."

ஒரு வருடம். ஊரில் விலாய் தைராய்டுக் கதையை விரித்துச் சொன்ன ஒவ்வொரு நாளும் இந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவிடம்கூட அவள் சொல்லவில்லை. இந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம் என்று பின்னால் விலாய் பலமுறை நினைக்கப்போகிறாள்.

"அவளால தூரமா போக முடியாதும்மா. தனியா ஒரு தீவுல போட்டா என்ன ஆவாளோ. நீ கெட்டிக்காரி, எங்க போனாலும் பொழச்சுக்குவ. அந்த இடத்த அவளுக்கு..." வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. வேறு பக்கமாகப் போனாள். "அப்பாவ நினைச்சுக் கவலப்படாத. நான் இருக்கேன்ல. எப்பவும் போல என் கையாலதான் பாத்துக்குவேன்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு முகம் இருப்பது தெரிந்தது. ஊசி விலாயின் கையில். அந்தக் கையின் முன்னால் நீட்டிய கை நிச்சாவின் அப்பாவுடையது. 'அப்படிச் சொல்லவில்லை அம்மா' என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சரிங்க பெரியம்மா" என்றாள் நிச்சா.

அவ்வளவுதான். யோசிக்கவில்லை, முகம் சுருங்கவில்லை. பாரமான ஒன்றை யாரோ வாங்கிக்கொண்டது போலக்கூட இருந்தது அந்தக் குரல்.

விலாய் அப்போதுதான் அவளை முழுதாகப் பார்த்தாள். தாயாகப் பார்க்க வந்தவளின் கண்ணில் நர்ஸ் விழித்துக்கொண்டாள். கழுத்தெலும்புக் குழி. கடைசித் துளைக்குப் போய்விட்ட கைக்கடிகாரப் பட்டை. கரண்டி சோற்றைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளியது, மறுபடி இந்தப் பக்கம் தள்ளியது. முட்டையின் மஞ்சள் கரு உடையவே இல்லை.

போன வருடம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகளின் முன்னால் பார்த்த அதே தட்டு.

கேட்க வேண்டும் என்று தெரியும். எத்தனை வார்டுகளில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறாள். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால், இப்போது வாங்கிய இந்தச் 'சரி'யை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பையிலிருந்து மாம்பழங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். "உங்க வீட்டுப் பக்கத்து மரத்துதுதான். சாப்பிடு, என்ன?"

"சரிங்க பெரியம்மா."

விலாய் வேகமாக நடந்து வெளியே வந்தாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தத் தாய் இந்நேரம் மரவள்ளிக் காட்டில் குனிந்து நிற்பாள் என்பதையும் நினைத்துக்கொண்டாள்.

*

பிற்பகலில் வார்டு ரவுண்டில் நிச்சா இல்லை. அவள் பெயரைக் கூப்பிட்டபோது ஒருவன், "டாய்லெட் போயிருக்கா டாக்டர்" என்று கூசாமல் பொய் சொன்னான்.

அவள் எங்கே இருப்பாள் என்று பைலினுக்குத் தெரியும். துவைத்த துணிகள் வைக்கும் அறை. பச்சைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருக்கும். அதை நிச்சாவுக்குக் காட்டிக்கொடுத்ததே அவள்தான்.

"தூங்கறியா?"

"தூங்கற மாதிரி உக்காந்திருக்கேன். ரவுண்டு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. தள்ளு."

இருவரும் தோள் உரச உட்கார்ந்தார்கள். கஞ்சியும் வெந்நீரும் கலந்த வாசனை. சற்று நேரம் கழித்து நிச்சா சாதாரணமாகக் கேட்டாள்:

"அந்த மாத்திரை போட்டா புத்தி மந்தமாகுமாக்கா?"

பைலின் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் நிறுத்திவிடுவாள்.

"வாய் காயும். மொத ரெண்டு வாரம் குமட்டும். புத்தி அப்படியேதான் இருக்கு. ஏன்?"

"சும்மா."

"எப்பலேருந்து தூங்கல?"

"தூங்கறேனே. நடுவுல நடுவுல." நிச்சா ஒரு துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். "நேத்து ஒரே மருந்த ஒரே பாட்டிக்கு ரெண்டு தரம் எழுதிட்டேன். நர்ஸ் பாத்து நிறுத்திட்டாங்க. திட்டல. சிரிச்சாங்க. எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, உள்ள போகமாட்டேங்குதுக்கா. அப்புறம்... ஒண்ணு கவனிச்சேன். ரோட்டத் தாண்டறப்ப நான் ரெண்டு பக்கமும் பாக்கறதே இல்ல இப்பல்லாம். வேணும்னு இல்ல. பாக்கணும்னு தோணவே மாட்டேங்குது."

அந்த ரோடு பைலினுக்குத் தெரியும். அதன் நடுவில் நின்றிருக்கிறாள்.

"நிச்சா. லீவு எடு."

நிச்சா துணியின் ஓரத்தை மறுபடி மடித்தாள்.

"நான் கூட வரேன். இன்னிக்கே டாக்டரப் பாக்கலாம். நீ வார்டுல இப்படி நிக்கக்கூடாது. லீவு எடு."

"எப்ப எடுக்கட்டும்க்கா?" நிச்சாவின் குரல் மென்மையாகவே இருந்தது. "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"என்ன சொல்ற?"

"பெரியம்மா மத்தியானம் வந்திருந்தாங்க. இடத்த உங்களுக்கு விட்டுக்குடுக்கச் சொன்னாங்க. சரின்னுட்டேன். உங்களுக்குத் தெரியாதா?"

அம்மா சொல்லிவிட்டுப் போனது பைலினுக்கு நினைவுக்கு வந்தது. சீருடைத் துணி.

"எனக்குத் தெரியாது. சத்தியமா..."

"தெரிஞ்சாலும் பரவால்லக்கா. எங்க அப்பா உசுரு அவங்க கையில. அவங்க கேட்டா நான் எதத்தான் குடுக்கமாட்டேன்? ஆனா இடமும் குடுத்துட்டு, லீவும் எடுக்கணுமா?"

"நான் இடத்துக்காகச் சொல்லல."

"இருக்கலாம்." நிச்சா முதல் முறையாக அவளைப் பார்த்தாள். கண்ணின் வெள்ளை சிவந்து களைத்திருந்தது. "லீவு எடுத்தா என்ன ஆகும்னு எனக்கு யார் சொன்னாங்கன்னு நினைக்கறீங்க? நீங்கதான். வாயத் தொறக்காம சொன்னீங்க. இன்னிக்கு தியேட்டர்ல சர்ஜன் உங்களைத் தாண்டிப் போனாரே, அப்ப உங்க பக்கத்துல நின்னது நான். நீங்க இன்னிக்கு எழுதின கேஸ் பேப்பர வார்டு நர்ஸ் ரெண்டாந்தரம் சரி பாத்தாங்க. வேற யாரோடதையும் பாக்கல. நம்ம க்ளாஸ்ல எத்தனை பேர் தூங்கறதில்ல தெரியுமா? எல்லாரும் உங்களத்தான் பாத்துட்டிருந்தாங்க, திரும்பி வந்தா என்ன ஆகுதுன்னு. பாத்தாச்சு."

அவளை மறுக்க ஒரு பொய் தேவைப்பட்டது. ஒன்றுமே ஆகாது, எல்லாம் பழையபடி இருக்கும் என்ற பொய். பைலின் அதைத் தேடினாள். அவளிடம் இல்லை.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்று எழுந்தாள் நிச்சா. "நானும் உங்களுதச் சொல்லல."

*

டாக்டர் ஒரதாயின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் பைலின் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தனக்காக ஒரு வருடம் வாயை மூடி வைத்திருந்தவளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தோன்றியது. பேசினால் அந்தப் பெண் தன்னைக் கடைசிவரை மன்னிக்கமாட்டாள். பேசாவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும், இடம் சத்தமில்லாமல் தன்னிடம் வரும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நல்லவளாகவும் இருந்துகொள்ளலாம். அப்படி ஒரு வசதி இருப்பதே அவளைப் பயமுறுத்தியது.

உள்ளே போனாள். நின்றபடியே சொன்னாள்.

ஒரதாய் கடைசிவரை குறுக்கிடவில்லை.

"இத உங்கிட்ட யார் சொன்னா?"

"அவளே. சொல்லக்கூடாதுன்னும் கேட்டுக்கிட்டா."

"ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் நிக்கறீங்க. அதுல ஒருத்தி வந்து, இன்னொருத்திக்கு மனசு சரியில்லன்னு சொல்றா. இது எப்படிக் கேக்கும்னு யோசிச்சியா?"

"அசிங்கமா கேக்கும் மேடம்."

"அப்புறம்?"

"அவ ரோட்டப் பாக்காம தாண்டறா மேடம்."

ஒரதாய் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய முகம் வேறொருத்தியுடையது போல இருந்தது.

"என் பேர எடுத்துடறேன்" என்றாள் பைலின். "அந்த இடம் எனக்கு வேண்டாம். அப்பவாவது நான் சொல்றத அவ நம்புவா."

"எடுத்தா? அவ லீவுல போவா. நீ எங்கயோ தீவுக்குப் போவ. உங்க ஊர்ல ஒத்த டாக்டர் ராத்திரி பகலா நிக்கறாரு, அவரு இன்னும் ஒரு வருஷம் நிப்பாரு. உனக்கு மட்டும் மனசு சுத்தமாகும். வேற யாருக்கு என்ன லாபம்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உன் பேர் இருக்கட்டும். இந்த அசிங்கத்தோடயே இருக்கட்டும். தாங்கிக்க."

போனை எடுத்து வார்டுக்குப் பேசினார். "நிச்சாவ அனுப்புங்க. அவளத் தனியா அனுப்பாதீங்க. யாராவது கூட வாங்க."

பைலின் தாழ்வாரத்தில் நின்றாள். ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை.

நிச்சா ஒரு நர்ஸோடு நடந்து வந்தாள். கதவில் இருந்த பெயரைப் பார்த்தாள், பைலினைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு கணம் போதுமாக இருந்தது. கத்துவாள் என்று பைலின் எதிர்பார்த்தாள். அதற்கு ஒப்புக்கொண்டுதான் நின்றாள்.

நிச்சா தன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். டூட்டி மாறும்போது பேசுகிற அந்தச் சமமான குரலில் பேசினாள்.

"ஜன்னலோரக் கட்டில் பெரியவருக்கு வயித்துக் குழாயில என்ன வடியுதுன்னு சாயங்காலம் பாக்கணும். நிறம் மாறினா ரெசிடெண்ட் டாக்டரக் கூப்பிடுங்க. கதவோரம் இருக்கற அக்காவுக்கு ஊசின்னா பயம், கைய பிடிச்சுக்கிட்டா போதும். அந்தப் பாட்டிக்கு மருந்து..." குரல் அங்கே மட்டும் தடுக்கியது. "பாட்டிக்கு எல்லாம் சரி பண்ணியாச்சு."

"நிச்சா..."

"அப்பாவுக்கு நாளைக்குக் காலையில டயாலிசிஸ். நான் ஏன் போன் எடுக்கலன்னு கேப்பாரு. பெரியம்மாவச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு என்ன நோய்ன்னு அவங்களே ஒண்ணு யோசிச்சு வெச்சுக்கட்டும். அவங்களுக்குப் பழக்கம்தானே."

கதவு மூடிக்கொண்டது.

பைலின் வார்டுக்குப் போனாள். பெரியவரின் குழாயைப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. கதவோரம் இருந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி முடிந்த பிறகும் அந்தப் பெண் விடவில்லை. அவளும் விடவில்லை.

வெளியே வந்து போனை எடுத்தபோது விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். பேருந்தின் இரைச்சலுக்கு மேல் அவள் குரல் வெகுநாளைக்குப் பிறகு இலேசாக இருந்தது.

"சொல்லு கண்ணு! மொத நாள் எப்படிப் போச்சு? நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒரு நல்ல சேதி இருக்கு. நேர்ல சொல்லலாம்னு பாத்தேன், வாய் சும்மா இருக்கமாட்டேங்குது. இனிமே நீ எதுக்கும் பயப்பட..."

"அம்மா."

"என்னம்மா?"

"மத்தியானம் நிச்சாவப் பாத்தீங்களே. அவ சாப்பிட்டாளா?"

இரைச்சல் மட்டும் வந்தது. யாரோ குழந்தையை அதட்டினார்கள். பேருந்து எங்கோ நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்பியது. அம்மா போனை வைத்துவிட்டாள் என்று பைலின் நினைத்தாள்.

"இல்லம்மா" என்றாள் விலாய், மகள் இதுவரை கேட்டிராத ஒரு குரலில். "ஒரு வாய்கூட சாப்பிடல. நான் பாத்தேன்."